பாட்டை விடாமல் பழுதைப் பார்ப்பது: வன்னி மேடைகளுக்கான வழிமுறை

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு கோயில் திருவிழா என்றால் கடைசி ஓரிரு இரவில் இசைக்குழு இருக்கும். மேடை அநேகமாக இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளை அணைத்து விட்டு, மேலே பலகை பரப்பி, தறப்பாள் கட்டியதாக இருக்கும். கரண்ட் கோயில் மீற்றரில் இருந்து வரும், இல்லாவிட்டால் ஜெனரேற்றர். பாடுபவர் ஒருவர் பரந்தனில் இருந்து வருவார், ஒருவர் புதுக்குடியிருப்பில் இருந்து. கீபோட் வாசிப்பவர் வவுனியாவில் கடைசி பஸ்ஸைப் பிடித்து மாங்குளத்தில் இறங்கி நிற்பார். இவ்வளவும் ஒரே இரவில் ஒன்றாகப் பொருந்த வேண்டும். பொருந்தாமல் போன இரவுகளில் எல்லா மைக்கின் சத்தத்தையும் சேர்த்துக் கொடுக்கும் மிக்சருக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். என்ன நடக்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் அடுத்த பந்தியை மட்டும் முதலில் வாசித்துவிடுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கூத்தர் ஓர் அடியைப் பாடி முடித்ததும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். கூத்தருக்கு அடுத்த அடி மறந்து போகலாம், மூச்சு முட்டலாம், தலையில் கட்டிய முடி சரியலாம். பாட்டு நிற்காது. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் அடியை எடுத்துக் கொடுக்கும்வரை பிற்பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். மைக்கும் கரண்டும் இல்லாமல் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் ஆடியவர்கள் வைத்திருந்த ஏற்பாடு இது. எங்கள் குழுவிலும் இதையே வைத்திருக்கிறோம். நிகழ்ச்சி தொடங்கும் முன்னரே இரண்டு பேரைக் குறித்துவிடுவோம். ஒருவர் பாட்டைப் பிடிப்பவர், மற்றவர் பழுதைப் பார்ப்பவர். பாட்டைப் பிடிப்பவர் என்ன நடந்தாலும் வயரைத் தொட மாட்டார். பழுதைப் பார்ப்பவர் என்ன நடந்தாலும் பாட மாட்டார். எல்லோரும் சேர்ந்து மிக்சரைச் சுற்றி நின்று குனிந்து பார்க்கும் காட்சிதான் கூட்டத்தைக் கலைக்கிறது. சத்தம் குறைந்ததற்காக எழும்பிப் போன கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

சத்தம் அடியோடு போய்விட்டது

முதலில் பல்பைப் பாருங்கள். மிக்சரையோ வயரையோ தொடுவதற்கு முன்னர் மேடைப் பல்பு எரிகிறதா என்று தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும்.

பல்பும் போய்விட்டது என்றால் கரண்ட் பிரச்சினை. சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் அம்பின் சுவிச்சை உடனே நிறுத்துங்கள். கரண்ட் திரும்பி வரும்போது முன்னால் உள்ள சாமான்கள் எல்லாம் ஒன்றாக உயிர் பெற்று, 'டப்' என்று ஓர் அடி ஸ்பீக்கர் பொக்ஸுக்குப் போகும். சின்ன ஸ்பீக்கர்கள் அந்த ஒரு அடியிலேயே எரிந்துவிடலாம். எப்போதும் மிக்சரை முதலில் போட்டு அம்பைக் கடைசியில் போட வேண்டும். நிறுத்தும்போது அம்ப் முதல். இதற்கிடையில் பாட்டைப் பிடிப்பவர் மேடை விளிம்புக்கு வந்துவிட வேண்டும். டோலக்கும் கைதட்டும் போதும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடினால் சனம் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஜெனரேற்றர் என்றால் எண்ணெய் முடிந்ததா, பிரேக்கர் விழுந்ததா என்று பாருங்கள். எண்ணெய் இருந்தும் திரும்பத் திரும்ப விழுகிறது என்றால் சுமை கூடிவிட்டது. 5 கேவிஏ என்று எழுதியிருக்கும் ஜெனரேற்றர் அநேகமாக 4 கிலோவாட்தான் தாங்கும். 500 வாட் ஃபோகஸ் லைற் ஆறு போட்டால் அதிலேயே 3 கிலோவாட் போய்விடுகிறது. மிச்சத்தில்தான் நாங்கள் பாட வேண்டும்.

ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு திருவிழாவில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஜெனரேற்றர் விழுந்தது. பாட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மெதுவான பக்திப் பாட்டிலும் விழுந்தது, குத்துப் பாட்டிலும் விழுந்தது. நான்காவது தடவை பழுது பார்க்கிற தம்பி ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு வயரின் வழியே நடந்து போனான். மேடையில் இருந்து ஜெனரேற்றர் வரைக்கும் போகாமல் வேலியோரமாக ஒரு வயர் கிளை பிரிந்து போய், ஐஸ்கிறீம் வானுக்குள் நுழைந்திருந்தது. பாவம், அந்த ஐயாவுக்கு ஐஸ் உருகுகிற கவலை. "தம்பி, சின்னப் பெட்டிதானே எண்டு கொழுவினனான்" என்றார். குளிர்ப்பெட்டியின் மோட்டர் நின்று திரும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அதுதான் கணக்கு. அன்றில் இருந்து மேடைக்கு வரும் வயரை இரண்டு முனையும் தெரியும்படி நடந்து பார்க்காமல் நாங்கள் நிகழ்ச்சி தொடங்குவதில்லை.

பல்பு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் பழுது எங்கள் பக்கம். மிக்சரில் உள்ள சின்ன விளக்குகள் பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா? ஏறி இறங்கினால் மிக்சர் வரைக்கும் சரி, பிழை அம்பிலோ பொக்ஸ் வயரிலோ இருக்கிறது. அசையாவிட்டால் மைக்கில் இருந்து மிக்சர் வரை உள்ள பாதையில் இருக்கிறது. இப்படிப் பாதியாகப் பிரித்துப் பிரித்துப் போனால் மூன்று நான்கு பார்வையில் இடத்தைப் பிடித்துவிடலாம். வயரை மேடையில் வைத்துத் திருத்தப் போக வேண்டாம், மாற்றிவிடுங்கள். பழுதான வயரில் உடனே ஒரு முடிச்சுப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஊரில் அதே வயர் அதே மைக்கில் திரும்பக் கொழுவப்படும். அதற்கும் முன்னால் பாடுபவரின் கையில் உள்ள மைக்கின் சுவிச்சைப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அங்கேதான் முடிகிறது.

கரண்ட் வந்துவிட்டது, கீபோட் வேறு சுருதியில் ஒலிக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பழுது திருந்திய பிறகு வருகிற பழுது இது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில் வரும்.

எங்கள் குழுவில் பாடும் ஒரு ரீச்சரக்காவின் சுருதி இரண்டரைக் கட்டை. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. கீபோட் தம்பி ஒரு கட்டையில் கைபழகியவன். அதனால் கீபோட்டில் சுருதியை மூன்று அரைச்சுரம் ஏற்றி வைத்துவிட்டு, விரலை ஒரு கட்டையிலேயே ஓட்டுவான். இது எல்லாக் குழுவிலும் நடப்பது. ஓர் இரவு சரணத்தின் நடுவில் கரண்ட் போனது. டோலக் நிற்கவில்லை, அக்கா நிற்கவில்லை, முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டு நிமிடம் மேடை மிக அழகாக இருந்தது. பிறகு கரண்ட் வந்தது. கீபோட் உயிர் பெற்றது. தம்பி முழுச் சந்தோசத்தோடு இரண்டு கைகளாலும் சேர்ந்தான்.

பெரும்பாலான கீபோட்கள் கரண்ட் போய் வந்தால் ஏற்றி வைத்த சுருதியை மறந்துவிடும். தெரிவுசெய்து வைத்த வாத்தியமும் போய்ப் பியானோவுக்குத் திரும்பிவிடும். அக்கா இரண்டரையில் பாட, கீபோட் ஒரு கட்டையில் பியானோவாக இறங்கியது. கூட்டம் ஒரு கணம் உறைந்து போனது. யார் பிழை என்று அவர்களுக்குத் தெரியாது அல்லவா, எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். அக்கா பாடிக்கொண்டே, முகம் மாறாமல், இடது கையைப் பின்னால் கொண்டுபோய் விரலை விரித்து மூடிக் காட்டினார். தம்பிக்கு விளங்கிவிட்டது. ஒலியைப் பூச்சியமாக்கி, சுருதியைச் சரிசெய்து, அடுத்த பல்லவியில் மெல்லச் சேர்ந்தான். அந்தக் கைச்சாடை இல்லாவிட்டால் பாட்டு அங்கேயே உடைந்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாட்டு வரிசையை ஒரு வெள்ளை ரேப்பில் எழுதிக் கீபோட்டின் நெற்றியில் ஒட்டுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி எவ்வளவு ஏற்றம், வாத்திய இலக்கம் என்ன என்பதும் அதில் இருக்கட்டும். நினைவகத்தில் பதிந்து வைக்கும் வசதி இருந்தால் பதிந்துவிடுங்கள். இன்னும் நல்லது, கணினிக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றைக் கீபோட்டுக்கும் மிக்சருக்கும் மட்டும் கொடுங்கள். கீபோட் குடிக்கும் கரண்ட் மிகக் கொஞ்சம், ஜெனரேற்றரை இழுத்து ஸ்ராட் பண்ணும் வரைக்கும் தாங்கும். அம்பை அந்த யூபிஎஸ்ஸில் கொழுவ வேண்டாம், அது தாங்காது. கரண்ட் வந்ததும் கீபோட் நேரே பாட்டுக்குள் பாயக் கூடாது. ஒலியைக் குறைத்து ஒரே ஒரு சுரத்தைத் தொட்டு, பாடுபவரோடு சேர்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.

'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்

எங்கள் கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்த ஐம்பதும் அதன் இரட்டிப்பான நூறும்தான் பொக்ஸில் உறுமலாகக் கேட்கிறது. கிற்றார்க்காரர் கம்பியில் கை வைத்ததும் உறுமல் குறைந்தால் அந்தப் பக்கம் எர்த் சரியில்லாமலோ, வயரின் உள்கம்பியைச் சுற்றியிருக்கும் மேல்வலை அறுந்தோ இருக்கலாம். கீபோட்டை மிக்சரில் கொழுவிய பிறகுதான் உறுமல் வந்தது என்றால், அநேகமாக இரண்டும் வெவ்வேறு இடத்தில் கரண்ட் எடுக்கின்றன. கீபோட் கோயில் மண்டபத்திலும் மிக்சர் ஜெனரேற்றரிலும் என்று ஒருபோதும் பிரிக்காதீர்கள். மேடையில் உள்ள எல்லாச் சாமானையும் ஒரே இடத்தில் இருந்து எடுங்கள். லைற் வயரும் மைக் வயரும் பக்கத்தில் பக்கம் ஓடக் கூடாது, குறுக்கே வெட்டிப் போகலாம்.

மிக்சர் மேசையில் போனை வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்னால் 'டிக் டிடிக்' என்று கேட்கும். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள், சரி.

உறுமலைப் போக்க எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உறுமல் போகும், உண்மைதான். அடுத்த தலைப்பை வாசியுங்கள்.

மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்கிறது

பாட்டை நிறுத்துங்கள். இந்த வழிமுறை முழுவதிலும் பாட்டை நிறுத்தச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

மைக்கின் இரும்பு உடல் வயரின் மேல்வலை வழியாக மிக்சரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. கிற்றார்க் கம்பி கிற்றார் அம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றின் எர்த் அறுந்து உள்ளே கரண்ட் கசிந்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைக்கும் பிள்ளையின் உடம்பு நடுவில் வயராகிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகத் தொடுபவரைச் சப்பாத்தும் காப்பாற்றாது. ஒன்றை மட்டும் தொட்டவர் காய்ந்த பலகையில் சப்பாத்தோடு நின்றால் தப்பிக்கலாம். கார்த்திகை மார்கழியில் ஈரப் பலகையில் வெறுங்காலோடு நிற்பவர் தப்ப முடியாது. கோயில் மேடையில் சப்பாத்தோடு ஏறுபவர் யார்?

நெடுங்கேணிப் பக்கம் ஒரு மழை இரவில் ஓர் இளம் கிற்றார்க்காரனின் கை கம்பியை விட்டு வராமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். முகம் சிரிப்பது போல இழுத்துக்கொண்டு நின்றது. முன்வரிசை அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. டோலக் வாசித்தவருக்குத்தான் முதலில் பிடிபட்டது. அவர் அவனைத் தொடவில்லை. ஓடிப்போய் மெயின் பிளக்கைப் பிடுங்கினார். அந்தப் பிள்ளை இன்றைக்கும் வாசிக்கிறான்.

அவர் செய்த வரிசையை அப்படியே மனதில் வையுங்கள்: ஆளைத் தொடாதே, கரண்டை நிறுத்து, பிறகு ஆளைப் பார். மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிக்கொண்டே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

இது வராமல் பார்க்க, நிகழ்ச்சிக்கு முன் ரெஸ்ரரை எடுத்து ஒவ்வொரு மைக்கின் வலையிலும், கிற்றார்க் கம்பியிலும், மிக்சர் உடலிலும் தொட்டுப் பாருங்கள். மின்னினால் யாரும் வாய் வைக்கக் கூடாது. சதுரப் பின் பிளக்கை இரண்டு உருண்டைப் பின் ஹோல்டரில் கொழுவுவதற்கு விற்கும் மலிவான அடப்ரர்களில் எர்த் தொடர்பே இராது, அவற்றை மேடைப் பெட்டியில் இருந்து எடுத்து எறிந்துவிடுங்கள். மேடைக்கு வரும் வயரில், கரண்ட் கசிந்தால் தானாக விழும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்றைப் பூட்டுங்கள். ஜெனரேற்றருக்கு எர்த் கம்பி அடிப்பதை ஒரு மின்சார வேலைக்காரரிடம் விடுங்கள், ட்ரிப் சுவிச் ஜெனரேற்றரிலும் வேலை செய்கிறதா என்று அவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு இரவுச் சம்பளத்துக்குள் முடிகிற செலவு. நிகழ்ச்சி நடத்தும் கழகத்துக்காரர் "இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லையே" என்றால் நான் நெடுங்கேணிக் கதையைச் சொல்வேன்.

கீச்சென்று ஊளையிடுகிறது

பொக்ஸில் இருந்து வரும் சத்தம் மைக்குக்குள் போய்த் திரும்பப் பொக்ஸுக்கு வருகிறது. ஆகவே மைக் எப்போதும் பொக்ஸுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கையில் பிடிக்கும் பாட்டு மைக் முன்னால் வருவதைக் கேட்கும், பின்பக்கத்துக்குக் காது மந்தம். பாடுபவர் கேட்கவென்று வைக்கும் பொக்ஸ் அந்த மந்தமான பக்கத்துக்கு நேரே இருக்கட்டும்.

ஊளை வந்ததும் பாடுபவர் எல்லோரும் செய்வது மைக்கின் தலையைக் கையால் பொத்துவது. அது நிலைமையைக் கெடுக்கும். வலைக்குக் கீழே உள்ள இடைவெளிகள்தான் மைக்குக்கு அந்த ஒருபக்கக் காதைக் கொடுக்கின்றன, பொத்தியதும் அது எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி இன்னும் பெரிதாக ஊளையிடும். தடியில் பிடியுங்கள், வாயைக் கிட்டக் கொண்டுபோங்கள். பாவிக்காத மைக்கை மூடுங்கள். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் ஊளை வருமுன் கிடைக்கும் ஒலியில் ஏறக்குறைய 3 டெசிபல் போய்விடும். பாடுபவர் இருவர்தான் என்றால் எட்டு மைக் எதற்கு?

வயரில்லா மைக் வந்த பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. பாட்டு சூடானதும் தம்பிமார் மேடையில் இருந்து குதித்துச் சனத்துக்குள் போகிறார்கள், போகும் வழியில் பொக்ஸுக்கு நேர்முன்னால் நின்று ஆடுகிறார்கள். உடையார்கட்டுப் பக்கம் ஓர் இரவு அப்படி எழும்பிய ஊளைக்கு ஊர் நாய்கள் அத்தனையும் பதில் சொல்லத் தொடங்கி, ஊளை நின்ற பிறகும் அவை நிற்கவில்லை. பாடிய தம்பி அந்த நாய்களின் சத்தத்துக்கு மேலாகவே பாட்டை முடித்தான், சனம் எழும்பி நின்று கைதட்டியது. பொக்ஸுக்கு முன்னால் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

கூத்துக்கு மைக் வைப்பது தனிக் கலை. களரிக்கு எல்லாப் பக்கமும் சனம், ஆடுபவர் சுற்றிச் சுற்றி வருவார், மைக் மேலே தொங்கும். பொக்ஸை உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள், ஒலியைக் குறைத்து வையுங்கள். கூத்தரின் தொண்டையை நம்புங்கள். அது மைக் இல்லாத காலத்துத் தொண்டை.

பாட்டும் தாளமும் ஒன்றையொன்று துரத்துகின்றன

பாடுபவர் தன் குரலை எங்கே கேட்கிறார்? பக்கத்தில் பொக்ஸ் இல்லாவிட்டால் தேர்முட்டிப் பக்கம் பனையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் கேட்பார். எங்கள் சூட்டில் சத்தம் வினாடிக்கு 350 மீற்றர் அளவில் ஓடுகிறது. குழாய் 70 மீற்றர் தள்ளி என்றால் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்திக் கேட்கும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடியே அரை வினாடிதான். அந்தப் பிந்திய சத்தத்துக்குப் பாடினால் பாட்டு மெதுவாகும், டோலக்காரர் இழுத்துப் பிடிப்பார், இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்வார்கள். இருவரிலும் பிழை இல்லை. பாடுபவரின் காலடியில் ஒரு சின்னப் பொக்ஸ் வையுங்கள். அது இல்லாத மேடையில் காதை விட்டுவிட்டு டோலக்காரரின் கையைப் பார்த்துப் பாடச் சொல்லுங்கள்.

நாதஸ்வரமும் கீபோட்டும் சேரவில்லை

நாதஸ்வரம் ஊத ஊதச் சூடேறும், சூடேறச் சுருதி ஏறும். குழலுக்குள் காற்று 10 பாகை சூடேறினால் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். வித்துவானை இறங்கச் சொல்லாதீர்கள். அவர் பத்து நிமிடம் ஊதட்டும், பிறகு கீபோட்டின் நுண்சுருதியை அவருக்கு ஏற்றபடி உயர்த்துங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளி உடைந்தால் பதற வேண்டாம், வாத்தியத்தில் மாற்றுச் சீவாளி தொங்கும். அவர் அதை நனைத்துப் பதம் பார்க்கும்வரை தவில்காரருக்கு மைக்கைக் கொடுங்கள். அவருக்கு அது போதும், சனத்துக்கு அது விருந்து.

மிருதங்கம் வைகாசிச் சோளகத்தில் இறுகிச் சுருதி ஏறும், மாரியில் தொய்யும். இடப்பக்கத் தோப்பியில் அப்பிய ரவை சோளகக் காற்றில் ஒரு பாட்டுக்குள் காய்ந்துவிடும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக் கொடுங்கள்.

மற்றச் சில

மைக்கில் 'புஸ் புஸ்' என்றால் காற்று. பஞ்சு உறை போடுங்கள். மிக்சரின் தள்ளுகட்டையை அசைக்கக் 'கரகர' என்றால் செம்மண் புழுதி. நிகழ்ச்சி முடியும்வரை அதை அசைக்காமல் விட்டு, பக்கத்து வரிசைக்கு மைக்கை மாற்றுங்கள்.

பாடுபவர் திடீரென இருமினால் அநேகமாகப் பூச்சி. மழை பெய்த மறுநாள் ஈசல் வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் கூடுதலாக வரும். முகத்துக்கு நேரே மஞ்சள் பல்பு போட்டு, பெரிய வெள்ளை லைற்றை மேடையில் இருந்து தள்ளி வேலியோரம் கட்டுங்கள்.

பாட்டின் நடுவில் கோயில் அறிவிப்பாளர் மைக்கை வாங்கி, தொலைந்த பிள்ளையைப் பற்றியோ பாதையை மறித்து நிற்கும் பட்டா என்ற சின்ன லொறியைப் பற்றியோ சொல்வார். அவர் சொல்வது தேவையானது. அவருக்குத் தொடக்கத்திலேயே தனி மைக் ஒன்றைக் கொடுத்து, அந்த வரிசையை நீங்கள் ஏற்றும்போது கீபோட்டை மெதுவாகத் தொடரச் சொல்லுங்கள். பிள்ளை கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பும் அதே மைக்கில் வரட்டும்.

காட்டோரக் கிராமங்களில் பாட்டின் நடுவே யானை வெடி கேட்கலாம். வயல் பக்கம் யானை வந்திருக்கிறது என்று அர்த்தம். பொக்ஸைச் சில நிமிடம் குறையுங்கள், ஆட்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது கேட்க வேண்டும். டோலக் மெல்ல ஓடட்டும்.

தூறல் விழுகிறது

மெயினை நிறுத்துவது முதல் வேலை, மூடுவது இரண்டாவது. மிருதங்கமும் டோலக்கும் முதலில் பட்டாவுக்குள் ஏற வேண்டும், தோல் நனைந்தால் அந்தப் பருவத்துக்கே வாத்தியம் இல்லை. பிறகு கீபோட், பிறகு மிக்சர். பொக்ஸ் கடைசி. நனைந்த மிக்சரை வீட்டில் வெயிலில் வைக்காதீர்கள். மூடியைக் கழற்றி ஃபானுக்கு முன்னால் இரண்டு நாள் வையுங்கள். எரிகிறதா என்று ஒரு தரம் சுவிச்சைப் போட்டுப் பார்க்க எல்லோருக்கும் கை துடிக்கும். இரண்டு நாள் முடியும் மட்டும் வயரைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள்.